நான் அனுப்பிய மாத்திரை

திருவண்ணாமலை
6-10-1999

அன்பு மகன் செழியனுக்கு, உன் நைனா சுப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன் இருக்கிறேன், வேளைக்குச் சோறு இறங்குகிறது, என்னைப் பற்றிய சேதி இப்போதைக்கு அவ்வளவு போதும். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும், அது தெரியாமல் ஆறு நாளாகக் கண் மூடவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நம் தெரு முனையில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிற ஜியாவுல்லா பாயின் மருமகன் அஜ்மல் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சவுதிக்கு, தம்மாமுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அங்கிருந்து ஜுபைலில் உன் கேம்ப்பைத் தேடி வந்து உன் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கதை பிறகு, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், நிதானமாகப் படி. ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்து உனக்கு மூன்று தடவை ஆள் மூலமாக அனுப்பினேனே, மூட்டுவலிக்கு என்று ஒரு பழுப்பு மாத்திரை, அது மூலிகை இல்லையாம். ஸ்டீராய்டு என்கிற இங்கிலீஷ் மருந்தை அதில் அரைத்துக் கலந்திருக்கிறார்கள். அது எலும்பைச் சாகடிக்கும். என் இடுப்பில் சாகடித்துவிட்டது. நீ பயந்துபோய் எல்லாவற்றையும் இன்றைக்கே தூக்கிக் குப்பையில் எறிந்துவிடாதே, ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து என்கிறார் வேலூர் டாக்டரம்மா. நம் உடம்பே அந்த மருந்து மாதிரி ஒன்றைத் தானாகச் சுரக்குமாம், வெளியிலிருந்து ரொம்ப நாள் வந்துகொண்டிருந்தால் சுரப்பதை நிறுத்திவிடுமாம், படக்கென்று விட்டால் மயங்கி விழுந்து உயிருக்கே மோசம் வரலாமாம். டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இந்தக் கவருக்குள் டாக்டரம்மா இங்கிலீஷில் எழுதிய சீட்டு இருக்கிறது. அதையும் மிச்சம் இருக்கிற மாத்திரையையும் எடுத்துக்கொண்டு உன் கம்பெனி டாக்டரிடம் போ, இடுப்பை ஸ்கேன் எடுக்கச் சொல். அதுவரைக்கும் சாரம் ஏறாதே, கனம் தூக்காதே, சூபர்வைசர் திட்டினால் திட்டட்டும்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். எங்கேயப்பா போன் பண்ணுவது, என்னிடம் இருப்பது உன் கம்பெனியின் தபால் பெட்டி நம்பர் ஒன்றுதான். மாதம் முதல் வெள்ளிக்கிழமை நீதான் பாய் கடைக்குக் கூப்பிடுவாய். போன மாதம் நீ கூப்பிட்டபோது நான் என் அக்காவைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போயிருப்பதாகப் பாய் சொன்னாரே, அது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அந்த நேரம் நான் வேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பாய் பொய் பேசிப் பழகாத மனுஷன், உங்களால என் தொழுகையே கெட்டுதுங்க சுப்பண்ணே என்று ரெண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தார். இந்த மாதம் ஒன்றாம் தேதியே வெள்ளிக்கிழமை. எதையும் மறந்துவிடக் கூடாது என்று ஒரு சீட்டில் வரிசையாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கே கடைக்குப் போய் மெத்தை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் ஜும்மாவுக்குப் போகும்போது வழக்கமாகக் கடையைப் பூட்டுவார், அன்றைக்கு என்னை உள்ளே விட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார். அரை இருட்டில் நானும் அந்தப் போனும். ரெண்டு தடவை அடித்தது, ரெண்டு தடவையும் ஊன்றுகோலைத் தட்டிவிட்டுப் பாய்ந்தேன். ஒன்று போளூரிலிருந்து கல்யாண மெத்தைக்கு ஆர்டர், இன்னொன்று ராங் நம்பர். சாயங்காலம் பாயம்மா மஹ்பூபா டீ கொடுத்தனுப்பினாங்க, அதை ஆறவிட்டுக் குடித்தேன். கடை சாத்தும் வரைக்கும் நீ கூப்பிடவே இல்லை. லைன் கெடைச்சிருக்காதுங்க, நாளைக்குப் பண்ணுவான் என்றார் பாய். நாளையும் ஆச்சு, மறுநாளும் ஆச்சு. வேலை ஜாஸ்தியா, லைன் இல்லையா, இல்லை பூத் வரைக்கும் உன்னால் நடக்க முடியவில்லையா? இந்த மூன்றாவது நினைப்பு வந்ததும் தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீசுக்குப் போனேன். மாத்திரையை நிறுத்து என்று தந்தி ஃபாரத்தில் எழுதினேன். எழுதின பிறகுதான் உறைத்தது, நீ அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுவாயே, நிறுத்தக் கூடாது, குறைக்க வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும், இத்தனையும் எந்தத் தந்தியில் அடங்கும்? கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இனிமேல் கதை. சிரிக்காதே. ரெண்டு வருஷத்துக்கு மேலாக உன் நைனா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போய்க்கொண்டிருந்தான். ஆமாம், தாலியில்லாமல் தலைவர் முன்னிலையில் மாலை மாற்றிக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன்தான், கோபுர வாசலிலேயே முப்பத்தோரு வருஷம் பஸ்ஸை நிறுத்தி ஆள் ஏற்றி இறக்கியும் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்க்காத கண்டக்டர் சுப்பன்தான். உன் விசா வந்தபோது உன் அம்மா திரௌபதி ஒரு வேண்டுதல் வைத்தாள், என் புள்ள நல்லபடியா திரும்பி வர்ற வரைக்கும் மாசாமாசம் செருப்பில்லாம மலையைச் சுத்துறேன் என்று. நான் கிண்டல் பண்ணினேன், உன் புள்ள ஃப்ளைட்ல வருவானா மலையைச் சுத்தி வருவானா என்று கேட்டேன். நாலு பௌர்ணமி சுற்றினாள். ஐந்தாவதுக்கு அவள் இல்லை. வயிற்றுவலியை வெளியில் சொல்லாமல் மாசக்கணக்கில் மறைத்து வைத்திருந்தாள் என்பது உனக்கே தெரியும். அவள் போன அந்த ஆடி மாதம் நீ வரவும் முடியவில்லை, பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு பௌர்ணமி வந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேண்டுதல் பாதியில் நிற்கிறதே என்று ஒரே அரிப்பு. சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் இது அவள் வாயால் சொன்ன சொல். விடிகாலை ஐந்து மணிக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன், யூனியன் ஆட்கள் பார்த்தால் மானம் போகுமே. மூன்றாவது மாதம் ரமணாசிரமத்தைத் தாண்டினதும் முன்னால் ஒரு துண்டு போர்த்தின தலை, பார்த்தால் நம் யூனியன் செயலாளர் ராமதாஸ். சும்மா காத்து வாங்க வந்தேன் சுப்பா என்றான். நானும் அதுக்குத்தாம்பா என்றேன். அப்புறம் மாதா மாதம் ரெண்டு பேரும் காற்று வாங்கினோம். நிஜத்தைச் சொன்னால் எனக்கு அந்த ஒரு நாள் பிடித்திருந்தது. மற்ற நாளெல்லாம் டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்கிற நிலைமை எனக்கு. அங்கே போனால் முன்னாலும் பின்னாலும் ஜனம், யாரோ ஒருத்தர் எந்த ஊருங்க என்று கேட்பார், பதில் சொல்ல வாய்க்கு ஒரு வேலை.

தார் ரோட்டில் வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர், இந்த வயசில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதையோரம் வேன் போட்டு மைக் கட்டி மூட்டுவலி மாத்திரை விற்கிற ஒருத்தர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருவார், அவரிடம் ஒரு பாக்கெட் வாங்கினேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. என்னத்தைச் சொல்ல, மூன்றாம் நாள் வலி எங்கே போச்சு என்று தேட வேண்டியிருந்தது. பசி எடுத்தது, உடம்பு தெம்பாக இருந்தது, கன்னம் புடைத்தது. உங்களுக்கு ரிடயர்டு ஆனதும் மெருகு ஏறிடுச்சுங்க என்று பால்காரர் சொன்னார். பக்கத்தில் நடந்து வந்த ஒரு அம்மா, மலை உங்க வலியை எடுத்துக்கிச்சுங்க என்று சொன்னாங்க, நான் வாயால் மறுத்துவிட்டு உள்ளுக்குள் அப்படியும் இருக்குமோ என்று மலையைத் திரும்பிப் பார்த்தேன். பகுத்தறிவு பேசினவன் பாக்கெட்டை நம்பினேன், போதாததற்கு மலையையும் கொஞ்சம் நம்பினேன். கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு நல்லது தெரிந்தால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லித்தான் பழக்கம். உன் ஆராயி அத்தைக்கு ஒரு பாக்கெட் கொடுத்தேன், அவள் கசக்குதுடா என்று நாலு நாளில் மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டாள், நல்ல வேளை. ராமதாசுக்குக் கொடுத்தேன், அவன் ஆறு மாதம் தின்றிருக்கிறான், போன வாரம்தான் அவனையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம், அவனுக்கு இதுவரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் உனக்கு அனுப்பினேன். ஒன்றே முக்கால் வருஷம்.

இந்தச் சித்திரையிலிருந்து எனக்குத் தொடை இடுக்கில் ஒரு வலி. மாத்திரை தின்றாலும் அடங்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, வேட்டி கட்டக் குனிய முடியவில்லை, வலியெல்லாம் முழங்காலில் இருக்கிற மாதிரியே தெரிந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன், முழங்காலைப் படம் எடுத்தேன், முழங்கால் நன்றாக இருக்குங்க என்றார்கள், நன்றாக இருக்கிற முழங்கால் ஏன் வலிக்கிறது என்று அவர்களிடம் சண்டை போட்டேன். ஆவணியில் அத்தை வீட்டில் மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆய்கிறார்கள் என்று கீழ்பென்னாத்தூர் போனேன். பஸ் நிற்கிறது, படியிலிருந்து வலது காலைக் கீழே வைக்கிறேன், இடுப்புக்குள் என்னமோ பொறுக்கென்று நொறுங்கின மாதிரி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கினவன் நிற்கிற பஸ்ஸிலிருந்து விழுந்தேன். அந்த கண்டக்டர், உன் வயசிருக்கும், பெருசு பாத்து எறங்கக் கூடாதா என்று திட்டினான். அவனுக்கு என்னை யாரென்று தெரியாதே.

வேலூரில் என்னைப் பார்த்தது டாக்டர் தென்றல் என்கிற எலும்பு டாக்டரம்மா, பேரைக் கேட்டதுமே எனக்குப் பாதி வலி போய்விட்டது. முதலில் எக்ஸ்ரே, ரெண்டாவது தடவை குழாய்க்குள் படுக்க வைத்து ஸ்கேன். அதைப் பார்த்துவிட்டு, ஐயா ஒங்க தொடை எலும்போட தலைப்பகுதி செத்துப்போச்சுங்க என்றார். நான் சிரித்துவிட்டேன், எலும்புக்கு உயிர் ஏதும்மா, மனுஷன் செத்த பிறகும் கிடக்கிறது அது ஒன்றுதானே என்றேன். இல்லீங்க ஐயா, எலும்பும் சதை மாதிரி உயிருள்ளதுதான், அதுக்கும் ரத்தம் போயாகணும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தொடை எலும்பின் மேல் நுனி ஒரு பந்து போல இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய்கள் ரொம்பச் சன்னம், மாற்று வழியும் கம்மி. ஒரே ஒரு டவுன் பஸ் போகிற ஊர் மாதிரிங்களா, அந்த ட்ரிப்பை நிறுத்தினால் ஊரே பட்டினி என்றேன். அதேதாங்க என்று அவரும் சிரித்தார். எதனால் நிற்கும் என்று கேட்டேன். விபத்தில் எலும்பின் கழுத்து முறிந்தாலோ மூட்டு நழுவினாலோ அந்தக் குழாய்கள் அறுந்துபோகும், அடிபட்டு வருகிறவர்களுக்கு வருஷம் கழித்துக்கூட இப்படி ஆகுமாம். ரொம்பக் குடிக்கிறவர்களுக்கு வருமாம். ஸ்டீராய்டை அளவில்லாமல் ரொம்ப நாள் தின்கிறவர்களுக்கு வருமாம், சிலருக்குக் காரணமே தெரியாமலும் வருமாம். இரைப்புக்கும் வேறு சில நோய்களுக்கும் டாக்டர் அளந்து கொடுத்தால் அது உயிரைக் காக்கிற மருந்துதான், அதைக் குற்றம் சொல்லாதீங்க என்றும் சொன்னார். செத்த எலும்பு கொஞ்ச நாள் தாங்கும், அதன்மேல் பாரத்தைப் போட்டு நடக்க நடக்க உள்வாங்கி நொறுங்கிவிடும். நான் அதன்மேல் மலையையே சுற்றியிருக்கிறேன். வலி என்பது உடம்பு அடிக்கிற விசில், நான் விசில் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன். அடிபட்டீங்களா, இல்லை. குடிப்பீங்களா, எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா என்று கேட்டார். மூலிகைதாங்க என்று பாக்கெட்டை எடுத்து வைத்தேன். ஒங்க மொகத்தப் பாத்தப்பவே சந்தேகம் வந்துச்சு, இந்த மருந்து மொகத்த உப்ப வெச்சுடும் என்றார். அந்த மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பினார், அதிலும் ஸ்டீராய்டு என்றுதான் வந்தது.

இப்போது நான் எழுதப் போவதுதான் எனக்கு நெஞ்சில் கிடந்து குடைகிறது. ஆபரேஷன் பண்ணணும், கூட யாரு வந்திருக்காங்க என்று டாக்டரம்மா கேட்டார். யாரும் இல்லீங்க, ஒரே பையன் சவுதியில் இருக்கான் என்று சொல்லி, சொன்னதோடு விட்டிருக்கலாம், பொங்கலுக்கு நீ அனுப்பினாயே ஒரு போட்டோ, மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரித்தபடி, அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன், எடுத்துக் காட்டினேன். அந்தப் போட்டோவை நான் காட்டாத ஆள் இந்த ஊரில் கிடையாது. போகும்போது குச்சி மாதிரி போனான், இப்போ பாருங்க கன்னத்தை, அங்கே நல்ல சாப்பாடு என்று டீக்கடையில் காட்டினேன், ரேஷன் கடை க்யூவில் காட்டினேன், ஆராயி அத்தை பார்த்துவிட்டு என் தம்பி மவன் ராஜா கணக்கா ஆயிட்டான் என்று சுற்றிப் போட்டாள். டாக்டரம்மா அதை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, ஐயா இவரும் இந்த மாத்திரை சாப்பிடுறாரா என்று கேட்டார். செழியா, போட்டோவை வாங்கி நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் நம் பிள்ளை செழிப்பாக இருக்கிறான் என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தது, நான் அனுப்பின விஷம் உன் முகத்தில் ஏறியிருந்ததையா? பெற்றவனுக்குத் தெரியாமல் போச்சே. வீட்டுக்கு வந்து உன் ஆகஸ்டு மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கீழே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, ஸ்டூல் போட்டுச் சாப்பிடுகிறேன், முழங்கால் வலி, இன்னும் நாலு பாக்கெட் அனுப்புங்க நைனா என்று எழுதியிருக்கிறாய். அதே வார்த்தைகளை நான் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீ கேட்ட நாலு பாக்கெட்டும் அலமாரியில் உன் பேர் எழுதித் தயாராக இருந்தது.

இதில் தைரியத்துக்கு ஒன்று இருக்கிறது, அதையும் கேள். மாத்திரை தின்ற எல்லாருக்கும் எலும்பு போய்விடாது. போயிருந்தாலும் நொறுங்குவதற்கு முன்னால் கண்டுபிடித்தால், எலும்பில் சின்னதாக ஒரு துளை போட்டு உள்ளே இருக்கிற அழுத்தத்தைக் குறைப்பார்களாம், அந்த வழியாகப் புது ரத்தம் வந்து எலும்பு பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. கொஞ்ச மாதம் ஊன்றுகோல் வைத்து அந்தக் காலில் பாரம் போடாமல் இருக்க வேண்டும். எனக்கு வலது பக்கம் அந்தக் காலம் தாண்டிவிட்டது, அங்கே பந்தை எடுத்துவிட்டு உலோகத்தில் புது மூட்டு வைக்கப் போகிறார்கள். இடது பக்கம் இப்போதுதான் ஆரம்பம், அங்கே துளை போடுவார்கள். முப்பது வயசுக்காரருக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியங்க ஐயா, சீக்கிரம் வரச் சொல்லுங்க என்று டாக்டரம்மா சொன்னார். அதனால்தான் இந்தப் பதற்றம். அந்த வேன்காரரிடமும் போனேன். போன பௌர்ணமியன்று ஆட்டோவில் போய் இறங்கி, என் பழைய பஸ் ஸ்டாண்டு குரலில் கத்தினேன். க்யூவில் நின்ற ஒரு ஆள், மொதல்ல எனக்கு ஒரு பாக்கெட் குடுக்கட்டும், அப்பறம் கத்துய்யா என்றான். வேன்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, நானே இதைத்தாங்க சாப்புடுறேன், மேல இருந்து வர்ற சரக்கு, எனக்கு என்னாங்க தெரியும் என்றார். பார்த்தால் அவர் முகமும் நிலா மாதிரி. அடிக்கத் தூக்கின கோலைக் கீழே போட்டுவிட்டு, டாக்டரைப் போய்ப் பாருய்யா என்று சொல்லிவிட்டு வந்தேன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன், டாக்டரம்மாவும் எழுதியிருக்கிறார், பார்க்கலாம்.

எனக்கு ஆபரேஷன் கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். கூட இருப்பவர் என்று ஆஸ்பத்திரி ஃபாரத்தில் ஒரு இடம், பாய் தன் பேரை எழுதினார். என்ன உறவுங்க என்று அந்த குமாஸ்தா கேட்டான். ஒரே தெரு, எழுதிக்கோப்பா என்றார் பாய். எனக்கு ஒரு குறையும் இல்லை, பாயம்மா மத்தியானம் தூக்கில் சோறு அனுப்புகிறாங்க, வீட்டுக்குள் நடக்கப் பழகிவிட்டேன், அறுபது வயசில் இடுப்பில் இரும்பு ஏறினால் மழைக்குத் துருப்பிடிக்குமா என்று கேட்டு டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன். சோற்றை ஒரே தட்டில் போட்டு நின்றபடி தின்கிறேன், உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டுமே. இதெல்லாம் போகட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நாலு நாளாக எழுதுகிறேன் இந்தக் கடிதத்தை, இந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிடுகிறேன். தொண்ணூற்றெட்டு தை மாதம், அம்மா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது, நீ ஒரு கடிதம் எழுதினாய். முதுகும் முழங்காலும் விட்டுப்போச்சு நைனா, ராத்திரி படுத்தால் அம்மா ஞாபகம், இங்கே மனசு விட்டுப் பேச ஒருத்தன் இல்லை, நான் வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். அப்புறம் டீக்கடைக்குப் போனேன், அங்கே எவனோ, போன ஒடனே திரும்பி வந்துட்டானாம்பா என்று வேறு யார் பையனையோ சொல்லிச் சிரித்தான், நானும் கூடச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன் கேள்விக்குப் பதிலே எழுதவில்லை நான், ஞாபகம் இருக்கிறதா? வலிக்கு நல்ல மாத்திரை கிடைக்கிறது, அனுப்புகிறேன், சாப்பிட்டுவிட்டுத் தைரியமாக வேலையைப் பார் என்று எழுதினேன். நீ நல்ல பிள்ளை, அதற்கு அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நீ திரும்பி வர வேண்டும் என்கிற வேண்டுதலுக்காக நடந்தேன், அதே நடையில் வழியில் நின்று நீ திரும்பி வராமல் இருப்பதற்கு மருந்து வாங்கினேன். வேன்காரரைத் திட்டி என்ன பிரயோசனம். என் வறட்டு கௌரவத்துக்கு உன் எலும்பைக் கொடுத்தேனே என்று நினைத்தால் எனக்கு இடுப்பு வலி பெரிதாகத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

வந்துவிடட்டுமா என்று கேட்டாய் அல்லவா, அதற்கு அன்றைக்கு எழுத வேண்டிய பதிலை இன்றைக்கு எழுதுகிறேன். வா. எனக்கு ஆபரேஷன் என்பதற்காக இல்லை, அதைப் பாய் பார்த்துக்கொள்வார். உனக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் வா, இருக்கிறது என்று சொன்னாலும் வா. காண்ட்ராக்ட் பாதியில் நின்றால் நிற்கட்டும், வெறுங்கையோடு வந்தால் வா, நொண்டிக்கொண்டு வந்தால் வா, ஊர் சிரித்தால் நானும் ஊன்றுகோலோடு உன் பக்கத்தில் நிற்கிறேன், ரெண்டு நொண்டியையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்கட்டும். எனக்கு நீ வேண்டும். இந்த மூணு வார்த்தையை ரெண்டு வருஷமாகச் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

உன் அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, சாமி இல்லை என்று சொல்கிற வாயால் வேறு எப்படி வாழ்த்துவது என்று தெரியவில்லை, உன் கால் ரெண்டும் உன்னைத் தாங்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், மாத்திரையை நீயாக நிறுத்தாதே, சீட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு. உன்னைப் பார்த்த அன்றைக்கே பாய் கடைக்குப் போன் போடச் சொல்லி அஜ்மலிடம் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமையிலிருந்து நான் கடையில்தான் இருப்பேன். லைன் கிடைத்ததும் என்னை விசாரிக்காதே, எனக்காகக் குரலைத் தெம்பாக வைத்துக்கொள்ளாதே. எங்கே வலிக்கிறது என்று சொல்.

இப்படிக்கு,
உன் நைனா,
கா. சுப்பன்